பக் நாய்க்கு மெல்லண்ண ஆபரேஷன்: லேசரா, கத்தரியா?

கேள்வி:
பெண் பக், 3 வயது, 9 கிலோ. குறட்டை அதிகம். வெயிலில் கொஞ்சம் நடந்தாலே நாக்கு நீலம் பாய்கிறது. மெல்லண்ணம் (வாயின் மேற்கூரையில் பின்பக்கம் இருக்கும் மென்சதை) நீளம், மூக்குத் துளையும் இறுக்கம், ஆபரேஷன் தேவை என்கிறார் டாக்டர். லேசரில் செய்தால் ரத்தம் வராது, வலியும் இருக்காது என்கிறார்கள். கூடுதல் செலவுக்குத் தகுமா? டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

பதில் 1:
லேசரில் ரத்தப்போக்கு குறையும். வலி இருக்கும், மருந்து கொடுத்தே ஆக வேண்டும். நாக்கு நீலமாவது ஆக்சிஜன் போதவில்லை என்பதற்கு அடையாளம், தள்ளிப்போடாதீர்கள்.

இதற்குப் பெரும்பாலும் பயன்படுத்தும் கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர். அந்தக் கதிரைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். சதையில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், படுகிற இடம் ஆவியாகிவிடுகிறது; அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ரத்தக் குழாய்கள் அப்போதே அடைபடுகின்றன. கத்தரியால் வெட்டினால் ரத்தம் தொண்டைக்குள் வடியும், ஓரத்தைத் தைக்கவும் வேண்டும். லேசரில் பெரும்பாலும் தையல் இல்லை, நேரமும் மிச்சம். ஆனால் சரியான அளவில் வெட்டியிருந்தால், பிற்பாடு மூச்சில் பெரிய வித்தியாசம் தெரியாது.

அந்த அளவுதான் எல்லாம். வெட்டிய ஓரம் குரல்வளை மூடியின் (விழுங்கும்போது மூச்சுப் பாதையை மூடும் மடல்) நுனியைத் தொட்டு நிற்க வேண்டும். கூடுதலாக எடுத்தால் தண்ணீரும் சோறும் மூக்கு வழியே வரும், நுரையீரலுக்கும் போகலாம். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. குறைத்து எடுத்தால் பழைய திணறல் தொடரும். ஆகவே முதல் கேள்வி, இந்த ஆபரேஷனை எத்தனை நாய்களுக்குச் செய்திருக்கிறார் என்பது.

பதில் 2:
தீ பற்றி யாரும் சொல்லவில்லை. நாயின் மூச்சுக்குழாயில் இருக்கும் டியூபில் ஓடுவது ஆக்சிஜன். கதிர் டியூபில் பட்டால் உள்ளேயே தீப்பிடிக்கும். அதனால் டியூபைச் சுற்றியும் அண்ணத்துக்குப் பின்னாலும் சலைனில் நனைத்த காஸ் துணி (gauze) வைக்க வேண்டும். காய்ந்தால் அதுவே எரியும், திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். காற்று கலந்து ஆக்சிஜனை 30 சதவீதத்துக்குள் வைப்பது நல்லது. பக்கத்தில் ஸ்பிரிட் கூடாது. இதையெல்லாம் கேட்டதும் டக்கென்று பதில் சொல்லும் டாக்டரை நம்பலாம்.

இன்னொன்று கரி. கையை மெதுவாக நகர்த்தினால் வெட்டிய இடம் கருகும், அந்தக் கரி சூடேறி அடியில் உள்ள சதையையும் சுடும், வீக்கம் கூடும். ஈரத் துணியால் கரியைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த வீச்சு. புகையை உறிஞ்சும் குழாயும் வெட்டும் இடத்துக்கு 2, 3 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

கேட்டவர்:
நன்றி. மூக்குத் துளையையும் கருத்தடையையும் சேர்த்தே லேசரில் முடித்துவிடலாமா?

பதில் 3:
மூக்கைச் சேர்த்துச் செய்வது வழக்கம்தான், மயக்கம் ஒருமுறையோடு போகும். கருத்தடைக்கு லேசர் என்று தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம். சினைப்பை ரத்தக் குழாயை லேசர் அடைக்காது, முடிச்சுப் போட்டே ஆக வேண்டும். லேசரில் அறுத்த தோலுக்கு முதல் சில நாட்கள் பலம் குறைவு, தையலை 12 முதல் 14 நாள் வரை விட்டு வைப்பார்கள். (வலிக்கு வெளியிலிருந்து காட்டும் 'லேசர் தெரபி' வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

எந்த முறையானாலும் பெரிய ஆபத்து ஆபரேஷனுக்குப் பிறகுதான். தொண்டை வீங்கினால் மூச்சு அடைபடும். நாய் நன்றாக விழித்து, தானே விழுங்கும் வரை டியூபை எடுக்கக் கூடாது. முதல் 24 மணி நேரம் ஆள் கூடவே இருக்கும் இடம் வேண்டும். கழுத்தில் துளையிட்டு மூச்சு கொடுக்கும் கருவிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இரவில் பூட்டிவிட்டுப் போகும் கிளினிக் என்றால், அங்கே லேசர் இருந்தாலும் வேண்டாம்.

வீட்டில் இரண்டு வாரம் குழைத்த உணவு, சின்னச் சின்ன உருண்டையாக. கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பைச் சுற்றும் ஹார்னஸ். நடை காலை ஆறு மணிக்கு முன்னால், ஐந்து நிமிடம் போதும். வாந்தி எடுத்தாலோ, சாப்பிடும்போது இருமினாலோ அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.