2008 யூடியூப் முடக்கம்: பிழை பி.ஜி.பி. நெறிமுறையிலா, அதை இயக்கியவர்களிடமா?

தடந்தேடி:
தம்மிடம் உள்ள முகவரிகளுக்கான வழியை வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும் இணைய நெறிமுறைதான் பி.ஜி.பி. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம், தன் நாட்டுக்குள் யூடியூபை முடக்குவதற்காக யூடியூபுக்குரிய 208.65.153.0/24 என்ற இணைய முகவரித் தொகுதியைத் தன்னுடையதாக அறிவித்தது (சாய்கோட்டுக்குப் பின் வரும் எண் கூடக்கூடத் தொகுதி சிறியதாகும்). அந்த அறிவிப்பு அதற்கு வெளியுலக இணைப்புத் தந்த ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ நிறுவனத்தின் வழியாக வெளியே கசிந்து, யூடியூபுக்குப் போக வேண்டிய உலகப் போக்குவரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. யூடியூப் அறிவித்திருந்ததோ /22 என்ற பெரிய தொகுதி. சிறிய தொகுதியைச் சுட்டும் வழிக்கே ரவுட்டர் முன்னுரிமை தரும் என்பதால் பொய்யான வழி வென்றது. யார் எதை அறிவித்தாலும் நம்பிவிடும் பி.ஜி.பி.யே குற்றவாளி என்பேன்.

இரவுப்பணி:
நண்பரே, சிறிய தொகுதிக்கு முன்னுரிமை என்பது பி.ஜி.பி.யின் விதி அன்று. ரவுட்டர் எந்த நெறிமுறையிலிருந்து வழியைக் கற்றாலும் தரவுப் பொட்டலங்களை அப்படித்தான் அனுப்பும். அந்த விதியே அன்று யூடியூபுக்கும் கைகொடுத்தது. உலகப் பொது நேரம் 18:47-க்குத் தவறான அறிவிப்பு கிளம்பியது. 20:07-க்கு யூடியூப் அதே /24-ஐத் தானும் அறிவித்தது. 20:18-க்கு அதை இன்னும் சிறிய இரண்டு /25-ஆகப் பிளந்து அறிவித்தது. 21:01-க்கு பிசிசிடபிள்யூ தவறான வழிகளைத் திரும்பப் பெற்றது. தன் வாடிக்கையாளர் எந்தத் தொகுதிகளை அறிவிக்கலாம் என்ற பட்டியலை பிசிசிடபிள்யூ வைத்து வடிகட்டியிருந்தால், 18:47-க்கே விஷயம் முடிந்திருக்கும்.

தடந்தேடி:
வடிகட்டிப் பட்டியலைப் பராமரிப்பது சொல்வதைப் போல எளிதா? நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், வாடிக்கையாளர் ஒருவர் புதிய தொகுதி வாங்கியதைப் பட்டியலில் சேர்க்க மறந்ததால் அவருடைய தளம் பாதி நாள் எட்டவில்லை. அவர் தொலைபேசியில் கத்தியதும் 'இப்போதைக்கு' என்று வடிகட்டியையே எடுத்துவிட்டார்கள். அந்த 'இப்போதைக்கு' நான் விலகும்வரை நீடித்தது. மனிதர் மறப்பார் என்பதை ஏற்றுக்கொண்டு வடிவமைப்பதுதானே நெறிமுறையின் கடமை?

இரவுப்பணி:
அதற்குத்தான் ஆர்.பி.கே.ஐ. வந்தது. எந்த முகவரித் தொகுதியை எந்த வலையமைப்பு எண் (ஒவ்வொரு வலையமைப்புக்கும் உள்ள அடையாள எண்) அறிவிக்கலாம் என்பதை உரிமையாளரே கையொப்பமிட்டுப் பதிவுசெய்கிறார்; பொருந்தாத அறிவிப்பை ரவுட்டர் தள்ளிவிடுகிறது. அன்று இது இருந்து, பிசிசிடபிள்யூவும் சரிபார்த்திருந்தால், பாகிஸ்தான் டெலிகாமின் 17557 என்ற எண் அந்த இடத்திலேயே நிராகரிக்கப்பட்டிருக்கும். பி.ஜி.பி.யை மாற்றாமலே இது முடிகிறது என்பதைக் கவனியுங்கள்.

தடந்தேடி:
தவறுதலாக நேர்வதை அது தடுக்கும், ஏற்கிறேன். திட்டமிட்ட திருட்டை எப்படித் தடுக்கும்? ஒவ்வோர் அறிவிப்பும் தான் கடந்துவந்த வலையமைப்பு எண்களைப் பாதையாகச் சுமந்து வரும்; அதன் கடைசியில் இருப்பது அறிவிப்பைத் தொடங்கியவரின் எண். அந்த இடத்தில் யூடியூபின் 36561 என்ற எண்ணைத் திருடர் தாமே எழுதிக்கொண்டால், தொடக்க எண் சரியாக இருப்பதால் சோதனை தேறிவிடும். பாதை முழுவதற்கும் கையொப்பம் கேட்கும் பி.ஜி.பி.செக் 2017-இலேயே தரமாக வெளியானது. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இரவுப்பணி:
தொடக்க எண்ணைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் பதிவில் 'அதிகபட்ச நீளம் /22', அதாவது அதைவிடச் சிறிய தொகுதி செல்லாது என்று உரிமையாளர் நிறுத்தியிருந்தால், எந்த எண்ணைப் போட்டாலும் அந்த /24 தேறாது. '/24 வரை செல்லும்' என்று தாராளமாக எழுதிவைத்து, அதே அளவில் தாமும் அறிவிக்காமல் விடுபவர்கள்தாம் திருடருக்குக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். அந்தக் கதவு நெறிமுறையில் இல்லை, பதிவுப் படிவத்தில் இருக்கிறது.