பாரோட்சேலாந்து சரிந்தது எப்போது?

ஆற்றுமணல்:
சாம்பியாவின் மேற்கு மாகாணம் இன்று அந்த நாட்டிலேயே மிக ஏழ்மையான பகுதிகளில் ஒன்று. லோசி மக்களின் பாரோட்சேலாந்து அரசு இருந்த இடம் இது. 1964 மே மாதம் லண்டனில், பின்னர் சாம்பியாவின் முதல் அதிபரான கென்னத் கவுண்டாவும் லோசி மன்னரான லிட்டுங்கா மூன்றாம் முவானவினாவும் ஒப்பந்தம் போட்டார்கள். தங்கள் அதிகாரங்கள் தொடரும் என்று நம்பித்தான் லோசிகள் சாம்பியாவோடு சேர்ந்தார்கள். மறு வருடமே உள்ளாட்சிச் சட்டம் கொண்டுவந்து அவற்றைப் பிடுங்கினார்கள். 1969-இல் ஒப்பந்தமே ரத்து, பாரோட்சேலாந்து என்ற பெயரும் மேற்கு மாகாணம் என்று மாறியது. சரிவுக்கு இந்த வாக்குத் தவறல்தான் காரணம்.

கல்தச்சன்:
ஏற்க முடியவில்லை நண்பரே. 1969-இல் விழுந்தது ஏற்கெனவே உளுத்துப்போன மரம். 1890-இல் மன்னர் லெவானிகா, பாதுகாப்பு கிடைக்கும் என்று நம்பி பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனிக்குக் கனிம உரிமையை எழுதிக் கொடுத்தார். பின்னால் குடிசை வரி வந்தது. அதைக் கட்டக் காசு தேடி இளைஞர்கள் தெற்கே வேலைக்குப் போனார்கள்.

கால்வாய்களைப் பாருங்கள். வெள்ளச் சமவெளியில் வயலுக்கு வடிகால், படகுக்குப் பாதை, இரண்டும் அவைதான். தூர்வார ஆட்கள் வேண்டும். 1906-இல் அடிமை முறை ஒழிந்தது, ரொம்ப நல்ல காரியம். ஆனால் கட்டாய உழைப்புக்குப் பதிலாகக் கூலிக்கு ஆள் வைக்கக் கம்பெனி ஆட்சி முன்வரவில்லை. கால்வாய்கள் தூர்ந்தன. அப்புறம் 1915-இல் மாடுகளுக்கு நுரையீரல் தொற்று வந்தது, மாட்டு வியாபாரமும் படுத்தது.

ஆற்றுமணல்:
மாட்டு நோயை விட்டுவிட்டேன், சரி. ஆனால் படுத்ததை எழுப்ப ஓர் அரசு வேண்டாமா? லோசிகளிடம் சொந்தக் கஜானா இருந்தது, 1965-க்குப் பின் அதுவும் போனது. 1966-இல் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்கு ஆள் எடுப்பதையும் கவுண்டா நிறுத்தினார். வீட்டுக்கு வந்த சம்பளம் நின்றது.

கல்தச்சன்:
நிறவெறி ஆட்சிக்கு எதிராக எடுத்த முடிவு அது. அதில் தப்புச் சொல்ல மாட்டேன்.

ஆற்றுமணல்:
நானும் சொல்லவில்லை. ஊரில் மாற்று வேலை தராமல் விட்டதைத்தான் சொல்கிறேன். 2011 ஜனவரியில் மாகாணத் தலைநகர் மோங்குவில் இதே ஒப்பந்தத்தைக் கேட்டுத் திரண்டவர்களைச் சுட்டார்கள். 1890 கையெழுத்துக்காக யாரும் தெருவுக்கு வரவில்லையே.

கல்தச்சன்:
கோபம் எதன்மேல் என்பது வேறு, வறுமை எங்கே தொடங்கியது என்பது வேறு.

நாணல்:
லோசிகளின் குவோம்போகா விழாவைப் பாருங்கள். சாம்பேசி ஆற்றில் வெள்ளம் ஏறியதும் அரச முரசு கொட்டுவார்கள். சமவெளியிலுள்ள லியாலுயி அரண்மனையிலிருந்து மேட்டிலுள்ள லிமுலுங்காவுக்கு மன்னர் கிளம்புவார். கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட நாலிக்வாண்டா படகு, கூரைமேல் யானை உருவம், அதன் காதுகள்கூட அசையும். துடுப்புப் போட நூறு பேர். அந்தப் படகு போகவும் தூர்வாரிய கால்வாய் வேண்டும். அதற்கான பணத்தையும் ஆளையும் முடிவுசெய்யும் அதிகாரம் இன்று லிமுலுங்காவில் இல்லை, நாட்டின் தலைநகர் லுசாக்காவில் இருக்கிறது.