11 மாத ராஜபாளையம் நாய் இழுத்துத் தள்ளுகிறது: சோக் செயின் போடலாமா?

பெருமாள்புரம்வாசி:
எங்கள் வீட்டு ராஜபாளையத்துக்கு 11 மாதம் ஆகிறது. ஆண், 28 கிலோ. வீட்டுக்குள் சாது, கேட்டைத் திறந்ததும் வேறு நாய். தெருமுனை வரை கயிறு விறைத்தபடியேதான் போகும். போன வாரம் எதிர்வீட்டுப் பூனையைப் பார்த்து ஒரே பாய்ச்சல். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருந்த அம்மா அப்படியே விழுந்துவிட்டார். முழங்காலில் சிராய்ப்பு, மணிக்கட்டில் வீக்கம், 5 நாள் கட்டு. அம்மாவுக்கு வயது 58. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார் அப்பா. எனக்கு மனம் வரவில்லை. கடையில் கேட்டால், இழுக்க இழுக்கக் கழுத்தில் இறுகும் சோக் செயினைப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

களக்காட்டான்:
தாராளமாகப் போடுங்கள் தம்பி. 30 வருடமாக ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை என்று வேட்டை நாய் இனம் எல்லாம் என் தோட்டத்தில் வளர்ந்திருக்கின்றன. இழுக்கும்போது ஒரு சுண்டு சுண்டி உடனே தளர்த்திவிட வேண்டும். இறுக்கிப் பிடித்தபடியே நடக்கக் கூடாது. இரண்டு வாரத்தில் காலோடு வரும். இப்போது யாரைக் கேட்டாலும் ஈரலை வேக வைத்து ஊட்டிக்கொண்டே நடக்கச் சொல்கிறார்கள். மயில் எழும்பிப் பறக்கும்போது எந்த நாய் ஈரலைத் திரும்பிப் பார்க்கும்? என் தாத்தா காலத்தில் ஒரே ஆள் இரண்டு நாய்களைப் பிடித்துக்கொண்டு பனங்காட்டில் நிற்பார். முயல் எழும்பும்வரை இரண்டும் அசையாது. அவற்றுக்கு யார் ஈரல் கொடுத்தது? நாய்க்கு வலிக்குமே என்று பார்த்தால் அம்மாவுக்கு எலும்பு முறியும். எது பெரிது?

வள்ளியூர்க்காரி:
அம்மாதான் பெரிது அண்ணாச்சி, அதில் இரண்டு பேச்சே இல்லை. ஆனால் அந்தச் செயின் அம்மாவைக் காப்பாற்றாது என்பதுதான் நான் கண்டது. என் கன்னிக்கு அதைத்தான் முதலில் போட்டேன். ஆட்டைப் பார்த்து முழு வேகத்தில் பாய்ந்தாள். செயின் இறுகியதும் நிற்கவில்லை, இன்னும் முட்டிக்கொண்டு இழுத்தாள். அதற்குப் பிறகு 10 நாள் இருமல். மூச்சுக்குழாயில் வீக்கம் என்றார் மருத்துவர். வேட்டை நாய் நொடியில் வேகமெடுக்கும். கயிறு முடியும் இடத்தில் அந்த வேகம் முழுவதும் நீண்ட மெல்லிய கழுத்தில்தான் விழும். உங்கள் 30 வருடக் கைக்குச் சுண்டித் தளர்த்தும் நேரம் தெரியும். வீங்கிய மணிக்கட்டோடு ஒரு அம்மாவுக்கு அது எப்படி வரும்?

பனங்காட்டு நாய்கள் அசையாமல் நின்றது உண்மைதான், என் அப்பாவும் சொல்வார். ஆனால் அவை பகலெல்லாம் தேரிக்காட்டிலும் விளையிலும் அவிழ்த்துவிட்டுத் திரிந்தவை. ஆளோடு காலோடு நடந்தே வளர்ந்தவை. நின்றால் முயல் கிடைக்கும் என்பதும் அவற்றுக்குத் தெரியும். ஈரலை விடப் பெரிய கூலி அது! இன்றைய நாய் 22 மணி நேரம் போர்டிகோவில் கட்டிக் கிடக்கிறது. கேட் திறந்ததும் பாயாமல் என்ன செய்யும்? விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது 1960-இல். குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவது வதை என்று அதிலேயே இருக்கிறது.

தம்பி, நீங்கள் செய்ய வேண்டியது சலிப்பான வேலை. கயிறு விறைத்த நொடியில் மரம் மாதிரி நின்றுவிடுங்கள். திட்ட வேண்டாம், பின்னால் இழுக்கவும் வேண்டாம். நாம் இழுத்தால் அது எதிர்ப்பக்கம் இழுக்கும், அதன் உடம்பு அப்படி. அது திரும்பிப் பார்த்தோ ஓர் அடி பின்னால் வந்தோ கயிறு தொய்ந்ததும் "சரி" என்று சொல்லி நடங்கள். உங்கள் கால் பக்கம் வரும்போதெல்லாம் சுண்டுவிரல் நகமளவு ஈரல், கால் பக்கத்திலேயே கொடுங்கள். முன்னால் நீட்டினால் முன்னால்தான் ஓடும். கயிறு இரண்டு மீட்டர் இருக்கட்டும். கையில் சுற்றவே சுற்றாதீர்கள். அம்மா விழுந்ததற்குப் பாதிக் காரணம் அந்தச் சுற்றுதான்.

களக்காட்டான்:
நாம் இழுத்தால் நாய் எதிர்ப்பக்கம் இழுக்கும் என்பது சரி. நாம் நின்றுவிட்டால் அது தெருவில் ஒரு மணி நேரம் நிற்கும், அவ்வளவுதான். பள்ளிக்கூட வேன் வருகிற நேரத்தில் மரம் மாதிரி நிற்க முடியுமா? மயிலுக்குப் பதிலும் வரவில்லையே.

வள்ளியூர்க்காரி:
மயிலுக்கு நீங்கள் சொன்னதுதான் சரி. பத்தடியில் மயில் இருக்கும்போது எந்தத் தீனியும் செல்லாது. அதனால் பாடத்தை அங்கே தொடங்கக் கூடாது. முதல் வாரம் வீட்டு முற்றம், மொட்டை மாடி. அடுத்தது விடியற்காலை 5 மணித் தெரு. மயில் நூறடியில் தெரியும்போது நாய் காதை நிமிர்த்தும், ஆனால் இன்னும் நம் பேச்சு காதில் விழும். அந்தத் தூரத்தில் கொடுக்கும் ஈரலுக்கு மதிப்பு உண்டு. நாளாக ஆகத் தூரத்தைக் குறைக்கலாம். பார்வையை வைத்துத் துரத்தும் இனத்துக்குத் தூரம்தான் நமக்குள்ள பிடி.

மானூர்க்காரன்:
இவ்வளவு எதற்கு? பைக்கில் கயிற்றைக் கட்டி தினம் 5 கிலோமீட்டர் ஓட விடுங்கள். களைத்தால் இழுக்காது.

கால்நடை மாணவி:
தயவுசெய்து வேண்டாம் அண்ணா. 11 மாதத்தில் பெரிய இன நாய்களுக்கு எலும்பு முனைகளின் வளர்ச்சி இன்னும் முடிந்திருக்காது. அந்த வயதில் தாரில் தினம் கட்டாயமாக ஓட வைத்தால் மூட்டு கெடலாம். பைக் நின்றாலும் விழுந்தாலும் நாய் விலக முடியாது. வெயில் ஏறிய பிறகு தார்ச் சாலையே கூடாது. புறங்கையைத் தாரில் 7 நொடி வைத்துப் பாருங்கள். நமக்குத் தாங்கவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் தாங்காது. வேலி அடைத்த இடத்தில் அதன் இஷ்டத்துக்கு ஓடிவிட்டு வரட்டும், அது வேறு.

இன்னொன்று, யாரும் கேட்கவில்லை. வெள்ளை ராஜபாளையங்களில் பிறவிச் செவிடு அதிகம். ஒரு காது மட்டும் கேட்காத நாயும் உண்டு, அதை வீட்டில் கண்டுபிடிப்பது கடினம். தூங்கும்போது அதற்குப் பின்னாலிருந்து, தரையைத் தட்டாமல், சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். காது அசைகிறதா? சந்தேகம் என்றால் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். காது கேட்காத நாயைச் சொல்பேச்சு கேட்காத நாய் என்று செயின் போட்டு அடக்குவதை நினைத்தாலே எனக்கு ஆறவில்லை. 2005-இல் அஞ்சல் தலையில் வந்த நாய் இனம் இது.

பெருமாள்புரம்வாசி:
குலுக்கிப் பார்த்தேன். இரண்டு காதும் திரும்பின. மூன்று தடவை பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. பெல்ட் எது போட? இப்போது இருப்பது தலை வழியே கழன்றுவிடுகிறது.

களக்காட்டான்:
மாணவி சொன்ன காது விஷயம் நூற்றுக்கு நூறு. என்னிடமே ஒரு வெள்ளைக் குட்டி அப்படி இருந்தது. ஒரு வருடம் அதை மண்டு என்று நினைத்திருந்தேன். இன்னும் மனசில் உறுத்துகிறது.

பெல்ட்டுக்கு: இந்த இனங்களுக்குத் தலை கழுத்தைவிட ஒடுங்கியது, சாதாரண பெல்ட் நிற்காது. இரண்டு அங்குல அகலத் தோல் பெல்ட் தைக்கச் சொல்லி, காதுக்குச் சற்றுக் கீழே போடுங்கள். இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக் கூடாது. இதோடு செயினும் வேண்டும் என்பதுதான் இன்னும் என் கட்சி.

வள்ளியூர்க்காரி:
அகல பெல்ட்டுக்கு நானும் கை தூக்குகிறேன். அம்மா பிடிக்கும் நேரத்துக்கு மட்டும், நெஞ்சுப் பக்கம் வளையம் வைத்த ஹார்னஸ், அதாவது உடம்பைச் சுற்றி மாட்டும் வார், வாங்குங்கள். கயிறு முதுகில் மாட்டும் வகை வேண்டாம், அது வண்டி இழுக்கும் மாடு மாதிரி சுகமாக இழுக்க வைக்கும். நெஞ்சில் மாட்டினால் பாயும்போது உடம்பு நம் பக்கம் திரும்பிவிடும். இடுப்பு அளவு பார்த்துதான் வாங்க வேண்டும். ஒல்லி இடுப்பில் பின்னோக்கி உருவிக்கொண்டு போய்விடும்.

வீட்டில் எத்தனை பேர் நடத்துகிறீர்கள்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

பெருமாள்புரம்வாசி:
நான், அம்மா, தம்பி. தம்பிக்கு அவசரம், கல்லூரி வண்டிக்கு முன்னால் ஒரு சுற்று. அவன் இழுத்த பக்கமெல்லாம் போவான்.

வள்ளியூர்க்காரி:
அங்கேதான் ஓட்டை. பத்துத் தடவையில் ஒரு தடவை இழுத்தால் காரியம் ஆகும் என்று அதற்குத் தெரிந்துவிட்டால், ஒன்பது தடவையும் முயன்று பார்க்கும். தம்பிக்கு நேரமில்லை என்றால் கொல்லையில் பந்து போடட்டும். கயிறு அவன் கைக்கு வேண்டாம்.

களக்காட்டான்:
இதை ஒப்புக்கொள்கிறேன். செயினோ ஈரலோ, மூன்று கை மூன்று விதம் பிடித்தால் ஒன்றும் ஆகாது. என் நாய்களை நான் ஒருவன்தான் பிடிப்பேன். ஒருவேளை அதனால்தான் எனக்கு எல்லாம் சுலபமாக வந்ததோ என்னவோ.

பெருமாள்புரம்வாசி (17 நாள் கழித்து):
செயின் வாங்கவில்லை. முதல் நாள் வீட்டிலிருந்து டீக்கடை வரை, 200 மீட்டர் இருக்கும், 35 நிமிடம் ஆனது. எத்தனை தடவை நின்றேன் என்று எண்ணவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் என்ன ஏது என்று கேட்டார்கள். நான்காம் நாள் இன்னும் மோசம். மறுபடியும் ஆரம்பத்துக்கே போய்விட்டது. ஒன்பதாம் நாள் ஒரு மாற்றம் தெரிந்தது: கயிறு விறைத்ததும் தானே திரும்பிப் பார்த்தது. இப்போது அதே தூரம் 7 நிமிடம். ஒவ்வொரு மூலையிலும் ஐந்தாறு நொடி மோந்து பார்க்க விடுகிறேன், அதுதான் அதற்கு ஈரலைவிடப் பிடித்திருக்கிறது. நேற்று ஹார்னஸ் மாட்டி அம்மா பாளையங்கால் வாய்க்கால் கரை வரை கூட்டிப் போய் வந்தார், நான் பத்தடி பின்னால். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஈரல் அவர் வாங்கி வந்தது.

தோற்றது ஆட்டில். செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தைக்கு ஆடு ஏற்றிய வண்டி போனதும் இரண்டு காலில் எழுந்துவிட்டது. அந்த நேரத்தில் நானே தடுமாறிப்போனேன்.

களக்காட்டான்:
ஆட்டு வண்டிக்கு முன்னால் நிற்கட்டும், அப்புறம் நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். அம்மா நடந்துவிட்டார் என்பதில் சந்தோஷம்.

வள்ளியூர்க்காரி:
வருகிற செவ்வாய் சாலை ஓரத்தில் வேண்டாம் தம்பி. வண்டி தெரிகிற, சத்தம் லேசாகக் கேட்கிற ஒரு குறுக்குத் தெருவில் நில்லுங்கள். எவ்வளவு தூரத்தில் அது ஈரலை வாங்குகிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

பெருமாள்புரம்வாசி:
சரி அக்கா. காலை 6 மணிக்கே போகிறேன், தம்பியைக் கூட்டிக்கொண்டு. கயிறு என் கையில்தான்.