ப. சிங்காரத்தை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

மேலமாசி எழுதியது:

நான் மதுரையில் கல்லூரிப் படிப்பு படித்தது 1993 முதல் 1996 வரை. அந்த மூன்று வருடமும் நாவலாசிரியர் ப. சிங்காரம் அதே ஊரில், ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் தனியாக வாழ்ந்துகொண்டிருந்தார். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் போய்ப் பார்த்திருப்பேனா என்பது வேறு கேள்வி. அந்த வயதில் நான் படித்ததெல்லாம் பாக்கெட் நாவல்.

1997 டிசம்பரில் அவர் இறந்தார். அவருடைய 'புயலிலே ஒரு தோணி' நாவல் என் கைக்கு வந்தது 1999இல், திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில். அறை நண்பன் காலி செய்துவிட்டுப் போகும்போது "இது புரியலைடா, நீ வச்சுக்க" என்று கொடுத்துவிட்டுப் போனான். எனக்கும் முதல் 20 பக்கம் புரியவில்லை. மெடான் நகரத்துக்குள் ஜப்பான் சிப்பாய்கள் நுழைகிறார்கள், தெருப்பெயர் ஸ்ட்ராட் என்று முடிகிறது, ஆட்கள் பேசுவது தமிழா மலாயா என்று பிடிபடவில்லை. அப்புறம் திடீரென்று சின்னமங்கலம் என்ற ஊரும் அதன் சந்தையும் வருகின்றன. எங்கள் பக்கத்துச் சந்தைதான் அது. அங்கே மாட்டிக்கொண்டவன் விடியும்வரை கீழே வைக்கவில்லை.

பிறகுதான் அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 18 வயதில், 1938இல், கப்பலேறி சுமத்ராவின் மெடானுக்குப் போய் வட்டிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் அங்கே இருக்கும்போதே டச்சுக்காரன் ஆட்சி போய், ஜப்பான்காரன் வந்து, அவனும் போய், இந்தோனேசியா விடுதலைப் பிரகடனம் செய்து, மறுபடி சண்டை தொடங்கியது. எட்டு வருடத்துக்குள் இவ்வளவும். 1946இல் ஊர் திரும்பியவர் அடுத்த ஆண்டு மதுரை தினத்தந்தியில் சேர்ந்தார், 1987 வரை அங்கேதான். மொத்தம் எழுதியது இரண்டு நாவல். 1950இல் எழுதிய 'கடலுக்கு அப்பால்' கலைமகள் போட்டியில் பரிசு பெற்று 1959இல் நூலானது. 1962இல் எழுதிய 'புயலிலே ஒரு தோணி' அச்சில் வந்தது 1972இல்.

18 முதல் 26 வயதுவரை பார்த்ததை ஒரு மனிதர் இரண்டு நாவலாக எழுதிவிட்டு, பாக்கி 35 வருடம் வேறு நாவல் எழுதாமல் சும்மா இருந்திருக்கிறார். எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்களுக்கு அவர் எங்கே, எப்படி அகப்பட்டார் என்று எழுதுங்களேன். விமர்சனம் வேண்டாம், அனுபவம் போதும்.

பெட்டியடிப்பேரன் எழுதியது:

என் பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடைத் தொழிலுக்கு, போனவர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: வட்டிக்கடையில் சேரும் சின்னப் பையன் பெட்டியடிப் பையன். அதற்கு மேலே அடுத்தாள், அதற்கும் மேலே மேலாள். முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார், கடையை மேலாள் பார்ப்பார். மூன்று வருடக் கணக்கு முடிந்தால் ஊருக்கு வரலாம். கடையின் வரவு செலவைக் கூட்டி இருப்புப் பார்க்கும் கணக்குதான் ஐந்தொகை. பல கடைகள் ஒரே கிட்டங்கியில் (நீண்ட கூடம் மாதிரியான கட்டடம்) இருக்கும். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு பாய். பகலில் அதுதான் கடை, ராத்திரி அதே இடத்தில் படுக்கை.

சிங்காரத்தின் ஆட்கள் இந்தப் பெட்டியடியிலிருந்து எழுந்து போனவர்கள். இது தெரியாமல் அவரைப் படித்தால் 'புயலிலே ஒரு தோணி'யின் நாயகன் பாண்டியன் ஏதோ பிறவி வீரன் மாதிரி தெரியும். அப்படி இல்லை. பற்று வரவு எழுதிக்கொண்டிருந்த பையன்கள் அவர்கள். சண்டை வந்தது, கப்பல் நின்றது, ஊர்க் கடிதம் நின்றது. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். நேற்றுவரை முதலாளி முன்னால் நின்றே பழகியவன் கையில் துப்பாக்கி வந்தது. ஒரு வகையில் அந்தப் பையன்களுக்கு யுத்தம்தான் முதல் விடுதலை. இதை எழுதவே சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் அந்த நாவல்களின் அடியில் ஓடுவது இதுதான் என்று நினைக்கிறேன்.

என் அனுபவத்துக்கு வருகிறேன். ஐயா போய்ச் சேர்ந்து வெகுநாள் கழித்து, அவர் தம்பிக்குக் கண் தெரியாமல் போனது. அவரும் பினாங்கில் இருந்தவர்தான். சாயங்காலம் சாயங்காலம் 'கடலுக்கு அப்பால்' நாவலை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கதை தெரியுமல்லவா: வயிரமுத்துப் பிள்ளை கடையில் வேலை பார்த்த செல்லையா இந்திய தேசிய ராணுவத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறான். பிள்ளையின் மகள் மரகதத்துக்கும் அவனுக்கும் ஆசை. பட்டாளத்துக்குப் போனவன் வட்டித்தொழிலுக்கு ஆக மாட்டான் என்று பிள்ளை பெண் கொடுக்க மறுத்துவிடுகிறார். எனக்குத் தொண்டை அடைத்தது. வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பெரியவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் வெற்றிலையை மென்றபடி சொன்னார்: "அதுல என்னப்பா தப்பு? துப்பாக்கி பிடிச்ச கை ஐந்தொகை போடாது."

எனக்கு வந்தது கோபம். இரண்டு நாள் வாசிக்கவே போகவில்லை. மூன்றாம் நாள் அவரே ஆள் அனுப்பினார். போனால், "அந்தப் பய என்ன ஆனான்?" என்று கேட்டார். பெயர் சொல்லவில்லை. மரகதம் என்ன ஆனாள் என்றும் கேட்கவில்லை. கடைசிவரை கேட்டு முடித்துவிட்டு, தன்னோடு கிட்டங்கியில் இருந்த ஒருவர் பட்டாளத்தில் சேர்ந்து, திரும்பி வந்து, எந்தக் கடையிலும் இடம் கிடைக்காமல் அலைந்த கதையைச் சொன்னார். அதுவரை எங்கள் வீட்டில் யாருமே கேட்டிராத கதை. எந்தெந்தக் கடைப்படி ஏறினார், யார் யார் என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றுவிட்டார். திருப்பி அனுப்பிய கடைகளில் ஒன்று எங்களுடையது.

வயிரமுத்துப் பிள்ளையைச் சிங்காரம் வில்லனாக ஆக்கவே இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. வட்டிக்கடையில் உட்கார்ந்து பழகியவர் என்பதால் அவருக்குப் பிள்ளையின் கணக்கும் தெரியும், செல்லையாவின் வயிற்றெரிச்சலும் தெரியும்.

தொங்கான் எழுதியது:

பினாங்கிலிருந்து எழுதுகிறேன் அண்ணே. எங்களுக்கு இந்தப் புத்தகம் வேறு மாதிரி. நீங்கள் சின்னமங்கலத்தில் மாட்டிக்கொண்டீர்கள், நாங்கள் கடலில்.

எங்கள் பாட்டி ஜப்பான்காரன் காலம் என்று தொடங்கினால் சாப்பாடு ஆறிவிடும். 1941 டிசம்பர் 11, ஜார்ஜ் டவுன்மேல் குண்டு விழுந்த நாள். ஆகாயக் கப்பல் வருகிறது என்று ஜனங்கள் ஓடி ஒளியவில்லையாம். தெருவுக்கு வந்து அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்களாம். இரண்டாயிரம் மூவாயிரம் என்று பாட்டி சாவுக்கணக்குச் சொல்வார், ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்கு. ஆனால் அவர் குரல் மாறுவது அடுத்த கட்டத்தில்தான். ஒரு வாரத்துக்குள் வெள்ளைக்காரத் துரைமார் ராத்திரியோடு ராத்திரியாகப் படகேறிப் போய்விட்டார்கள். மற்றவர்களுக்குச் சொல்லவே இல்லை. 19ஆம் தேதி ஜப்பான்காரன் உள்ளே வந்துவிட்டான். "நாயைக்கூட அவுத்து விட்டுட்டுப் போவாங்கடா" என்பார் பாட்டி.

சிங்காரம் இந்தக் கசப்பை மேடைப்பேச்சாக எழுதவில்லை. நேற்றுவரை எசமானாக இருந்தவன் இன்றைக்குக் கைதி, நாளைக்கு யாரோ என்று பாண்டியன் வேடிக்கை பார்க்கிறான், அவ்வளவுதான். வெட்டிய தலைகளை மேசைமேல் அடுக்கி வைத்திருக்கும் இடத்தில்கூட எழுத்து சத்தம் போடாது. கண்ணால் பார்த்தவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். பாட்டியும் அப்படித்தான்.

முன்பு இங்கிருந்து சுமத்ராவின் பெலாவான் துறைமுகத்துக்குப் பயணிப் படகு ஓடியது. மெடானுக்கும் எங்களுக்கும் நடுவே சுமார் 250 கிலோமீட்டர்தான். ஒரு முறை அதில் போனேன், நாவலைப் பையில் வைத்துக்கொண்டு. பாண்டியன் தொங்கானில் (சரக்கு ஏற்றும் பாய்மரக் கப்பல்) வந்து புயலில் சிக்கும் அத்தியாயத்தை அதே கடலில் படிக்க வேண்டும் என்று ஓர் ஆசை. முட்டாள்தனம். நான்கு பக்கம் தாண்டவில்லை, வாந்தி. கடல் சும்மா லேசாகத்தான் ஆடியது! பக்கத்தில் இருந்த மீன்கார அங்கிள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, டிசம்பரில் வந்து பார் என்றார். புயல் அத்தியாயத்தில் வாக்கியங்கள் ஏன் அப்படித் துண்டு துண்டாக, மேலும் கீழும் ஆடுகின்றன என்று எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. வயிறு சொல்லிவிட்டது.

மெடானில் கெசாவான் வீதியில் நடந்தேன். பழைய கட்டடங்கள் சில இன்னும் இருக்கின்றன. நாவலில் வரும் கெர்க் ஸ்ட்ராட் எது என்று நான்கு பேரிடம் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. டச்சுப் பெயர்களெல்லாம் எப்போதோ மாறிவிட்டன. கம்போங் மெட்ராஸ் பகுதிக்குப் போய், 1884இல் கட்டிய மாரியம்மன் கோயில் வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பூக்கடை அம்மா என்னிடம் இந்தோனேசிய மொழியில் பேசிக்கொண்டே வந்து, காசு எண்ணும்போது மட்டும் தமிழில் எண்ணினார்.

காவிரிக்கரை வாசகி எழுதியது:

எல்லோரும் கொண்டாடுகிறீர்கள். நான் 'புயலிலே ஒரு தோணி'யை இரண்டு முறை பாதியில் வைத்தவள், அதையும் யாராவது சொல்ல வேண்டும்.

அதில் வரும் ஆட்கள் குடித்துவிட்டுத் தமிழர் பெருமையைக் கிழித்துத் தொங்கவிடும் அந்த நீண்ட பேச்சுகளை நீங்கள் ரசிக்கிறீர்கள். எனக்கு முதல் தடவை சிரிப்பு வந்தது, மூன்றாம் தடவை கொட்டாவி. பெண்கள் வருகிறார்கள், போகிறார்கள். அயிஷாவையாவது கண்ணில் நிறுத்தலாம். மரகதத்துக்கு அழுவதைத் தவிர என்ன வேலை கொடுத்தார்? ஆண்கள் மட்டுமே வாழ்ந்த கிட்டங்கியிலிருந்து வந்த எழுத்து, அப்படித்தான் இருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். சரி. ஆனால் குறை குறைதான்.

மூன்றாம் முறை ஏன் எடுத்தேன் என்றால், அவர் வாழ்க்கையில் ஒரு வரி. மெடானில் இருந்த காலத்தில் அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது. பிரசவத்தில் மனைவியும் குழந்தையும் இறந்துபோனார்கள். அதன்பின் அவர் மணம் செய்துகொள்ளவில்லை. அவருக்கு மிகப் பிடித்த நாவலாகச் சொல்லப்படுவது ஹெமிங்வேயின் 'போரே நீ போ'. அதைப் படித்தவர்களுக்குத் தெரியும், யுத்தத்திலிருந்து தப்பி ஓடும் ஒருவனின் காதலி கடைசியில் பிரசவத்தில் இறப்பாள், குழந்தையும் பிழைக்காது.

இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்தது.

இரண்டு நாவலிலும் அந்த மரணத்தைத் தேடினேன். குண்டு, பசி, கொலை, துரோகம் எல்லாவற்றையும் எழுதியவர் அதை மட்டும் நேராக எழுதவில்லை. மரகதம் ஏன் அவ்வளவு மங்கலாக இருக்கிறாள் என்ற என் கோபம் அப்புறம் கொஞ்சம் தணிந்தது. முழுக்கத் தணியவில்லை. ஒரு எழுத்தாளரின் துக்கம் பாத்திரத்தின் பலவீனத்துக்குச் சமாதானம் ஆகாது என்றே இப்போதும் நினைக்கிறேன்.

சந்தைப்பேட்டை எழுதியது:

நான் சிங்கம்புணரிப் பக்கம். பெரிதாக வாசகன் இல்லை. கயிறு வியாபாரம். ஊரைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று என் மகள் அந்தச் சந்தைப் பகுதியை மட்டும் போனில் படித்துக் காட்டினாள். மெடான் தெருவில் நிற்கிறவனுக்கு எதற்கு இவ்வளவு நுணுக்கமாகச் சந்தை ஞாபகம் என்று அவள் கேட்டாள். நான் 11 வருடம் துபாயில் இருந்தவன். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் எந்தக் கடைக்கு அடுத்து எந்தக் கடை என்று அங்கே படுத்தபடி வரிசையாகச் சொல்லிப் பார்ப்பேன். தூக்கம் வந்துவிடும். அதுதான் என்று சொன்னேன்.

மேலமாசி எழுதியது:

சந்தைப்பேட்டை அண்ணே, நீங்கள் இத்தனை வரியில் சொன்னதை நான் 20 வருடமாகச் சொல்லத் தெரியாமல் இருக்கிறேன்.

வாசகி சொன்ன குறையை ஏற்கிறேன், குடிப்பேச்சு விஷயத்தில் மட்டும் இல்லை. 1962இல், தமிழ்நாட்டு மேடைகளில் பழம்பெருமை கொடிகட்டிப் பறந்த நேரத்தில் எழுதியது அது. ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டான் என்று இங்கே முழங்கிக்கொண்டிருந்தார்கள். சிங்காரம் அந்தக் கடாரத்துப் பக்கமே போய் வட்டிக்கடைப் பாயில் படுத்து எழுந்து வந்தவர். மேடையைக் கேட்கும்போது அவருக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

எனக்கு நெருடுவது பாண்டியனின் முடிவு. நேதாஜி படை கலைந்த பிறகு அவன் சுமத்ராவுக்கே திரும்பிப் போய் டச்சுக்காரனுக்கு எதிராகச் சண்டை போட்டு, கடைசியில் குண்டடிபட்டு விழுகிறான். செல்லையா ராணுவத்திலிருந்து திரும்பி வந்தும் பழைய இடம் கிடைக்கவில்லை. ஒருவன் தோற்கிறான், ஒருவன் சாகிறான். மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு: 1946இல் கப்பலேறி மதுரைக்கு வந்து, செய்தித்தாள் அலுவலகத்தில் 40 வருடம் வேலை பார்த்து, சேர்த்த பணத்தை ஏழைப் பிள்ளைகள் படிப்புக்குக் கொடுத்துவிட்டுப் போனவர். அந்த மூன்றாவது ஆளின் கதையை அவர் எழுதவே இல்லை.

பெட்டியடிப்பேரன், ஒரு கேள்வி. உங்கள் ஐயா யுத்தம் முடிந்து ஊர் திரும்பும்போது ஏதாவது கொண்டுவந்தாரா?

பெட்டியடிப்பேரன் எழுதியது:

ஒரு மரப்பெட்டி, இரண்டு பீங்கான் ஜாடி, ஒரு கட்டு வாழைமர நோட்டு. ஜப்பான்காரன் அச்சடித்த 10 டாலர் தாள். சரணடைந்ததும் அது வெறும் காகிதமாகிவிட்டது. அப்பத்தா அதைத் தூக்கிப்போட மனசில்லாமல் புடவைக்கு அடியில் வைத்திருந்தார். நாங்கள் சின்ன வயதில் அதை வைத்துக் கடை விளையாடுவோம்.

நீங்கள் கேட்டதும் போய் எடுத்து எண்ணினேன். 43 தாள் இருக்கிறது. ஒன்றின் பின்புறம் பென்சிலால் ஐயா ஏதோ வட்டி கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்.