பஸ் ஏறப்போற கப்பி

குழு: வேலந்தாவளம் வீடு

பிரபு: நாளைக்குக் காலைல திருச்சூர் சேட்டன் கடைக்கு 150 கப்பி மீனு பஸ்ல போகுது. போன தடவ மாதிரி ஆகக்கூடாதுன்னு பூண்டும் மஞ்சளும் அரச்சுத் தீனில பெசஞ்சு இப்பத்தான் போட்டேன் 💪

சித்தி: இன்னைக்கா??

சித்தி: கண்ணு, மிச்சத்த வலைல அள்ளி வெளிய போடு மொதல்ல

பிரபு: ஏஞ்சித்தி, நீங்கதான பூண்டு நல்லதுன்னீங்க

சித்தி: நல்லதுதான். ரெண்டு மூணு வாரம் தெனமும் தின்னாத்தான் ஒடம்புல புடிக்கும். பஸ் ஏறப்போறப்பத் தின்னா அது மருந்தில்ல, கவருக்குள்ள கழிவு. ஏற்கெனவே செவுள் வழியா அம்மோனியா விட்டுட்டே இருக்கும், அதோட இதும் சேரும்

மணி மாமா: மூணு பந்தில தின்னுபோட்டு வால்பாற பஸ்ல ஏறுன மாதிரி 😂

அமத்தா (வாய்ஸ்): வாயில்லாச் சீவனப் பட்டினி போடறது பாவமில்லீங்களா?

சித்தி: அம்மா, ஒரு நா தின்னாட்டி கப்பிக்கு ஒண்ணும் ஆகாது

பிரபு: போன தடவ எறக்கறப்ப எல்லாம் உசுரோடதான இருந்துச்சு. மூணா நாளுதான் வெள்ளப்புள்ளி வந்து 40 போச்சு

சித்தி: அதேதான். அலுங்கி பயந்தா கார்டிசால்ங்கற பதட்ட ஹார்மோன் ஏறி எதிர்ப்பு சக்தி எறங்கிரும். அப்பத்தான் ஒட்டுண்ணி தலையத் தூக்கும். பூண்டு, துளசியெல்லாம் அதத் தாங்கறதுக்கு முன்கூட்டிக் குடுக்கறது. புள்ளி வந்தப்பறம் பூண்டு கேக்காது. நான் கிலோ தீனிக்கு 10 கிராம் பூண்டு போட்டு, முட்ட வெள்ளக்கருல பெசஞ்சு, நெழல்ல காய வெப்பேன்

மணி மாமா: கிராம்பு எண்ணெ ரெண்டு சொட்டு விட்டாத் தூங்கிட்டே போகும்ங்கறாங்களே

சித்தி: அளவு தப்புனா எந்திரிக்கவே எந்திரிக்காது மாமா. கல்லுப்பு போதும், லிட்டருக்கு 1 கிராம். கவர்ல மூணுல ஒரு பங்கு தண்ணி, மிச்சம் ஆக்சிசன்

சித்தி: சேட்டங்கிட்டயும் சொல்லிரு பிரபு. கவரத் தொறக்காம தொட்டில மெதக்க விட்டு, சூடு சமமானதும் வெட்டி, மீன மட்டும் வலைல எடுத்து விடோணும். மூடியிருக்கறவரைக்கும் கரியமில வாயு தண்ணியப் புளிப்பா வெச்சு அம்மோனியாவ அடக்கும். தொறந்து வெச்சுட்டு நின்னா வாயு பறந்துரும், அம்மோனியா வெஷமாயிரும்

பிரபு: அப்ப மூணா நாளு செத்ததுக்கு நாந்தான் காரணமா 😔 கடைல தொறந்து வெச்சுட்டு டீ குடிச்சோம்

சித்தி: அதுவும் ஒண்ணு. நாளன்னிக்குப் போ

பிரபு: சேட்டனக் கேட்டேன். 'சாரமில்லா', பரவால்லன்னுட்டாரு

அமத்தா (வாய்ஸ்): அப்ப நாளைக்கு மீனுக்குச் சோறில்ல. உனக்காச்சும் இட்லி ஊத்தட்டுமா கண்ணு?