ராத்திரி பத்து மணிக்கு மேல டாக்டர்: எதுக்கு எங்க போகலாம்?

கல்லிடைக்குறிச்சி மருமகள்:
வீட்ல எழுபது தாண்டுன மாமனார். சுகர், பிரஷர் ரெண்டும் உண்டு, கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுதாங்க. மூணு வயசுப் பையன், 12 கிலோ. வழக்கமா பாக்குற டாக்டர் ஒன்பதரைக்குக் கிளினிக்கைச் சாத்திருவாரு. அதுக்கப்புறம் டூட்டி டாக்டர் இருக்குற நர்சிங் ஹோம், போன்ல பாக்குற டாக்டர், வீட்டுக்கே வந்து ஊசி போடுறவங்க. அம்பாசமுத்திரம் அரசு ஆஸ்பத்திரி ஆத்துக்கு அந்தப் பக்கம்தான். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரமாவது வேணும். எதுக்கு எங்க போகணும்? சரியாத்தான் பாக்காங்களான்னு எப்படித் தெரிஞ்சுக்கிடுறது?

இரவுப்பணி செவிலியர்:
தங்கச்சி, ராத்திரியில டாக்டர் பேரை விட அங்க என்ன வசதி இருக்குங்கறதைப் பாருங்க. கிளம்புறதுக்கு முன்ன நர்சிங் ஹோமுக்குப் போன் போட்டு, டூட்டி டாக்டர் இப்ப உள்ளயே இருக்காரா, கூப்பிட்டாத்தான் வருவாரான்னு கேளுங்க. ஈ.சி.ஜி. எடுக்க இந்நேரம் ஆள் உண்டான்னும் கேளுங்க. "வாங்க, பாத்துக்கலாம்"னு மட்டும் சொன்னா வேற இடம் பாருங்க.

மாமனாருக்கு நெஞ்சைப் பிடிக்குன்னா போன் டாக்டர், வீட்டு ஊசி ரெண்டும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்க. சுகர் உள்ளவங்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமக்கூட வரலாம்; வேர்த்துக் கொட்டும், மூச்சு வாங்கும், மேல்வயிறு எரியும். நாமளே "வாயுத் தொல்லை"ன்னு சொல்லி உள்ள நுழைஞ்சா, அசிடிட்டி ஊசியைப் போட்டு அனுப்புற ஆபத்து இருக்கு. என்ன செய்யுது, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு மட்டும் சொல்லுங்க. போன பத்து நிமிஷத்துக்குள்ள ஈ.சி.ஜி. எடுக்கணும். முதல் ஈ.சி.ஜி. நார்மலா வந்தாலும் மாரடைப்பு இல்லைன்னு ஆகாது. தொந்தரவு இருந்துக்கிட்டே இருந்தா கொஞ்ச நேரத்துல மறுபடி எடுக்கணும், டிரோபோனின் ரத்தப் பரிசோதனையும் பாக்கணும். இடுப்புல டைக்ளோஃபெனாக் வலி ஊசி போட வந்தா, இதயம் பாத்தாச்சான்னு கேட்டுட்டு விடுங்க. 2023-ல தொடங்குன இதயம் காப்போம் திட்டத்துல, மாரடைப்பு அறிகுறியோட வர்றவங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே ஆஸ்பிரின், கிளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாட்டின் முதல் டோஸ் குடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறாங்க.

இன்னொண்ணு, கிளிமிபிரைடு சுகரை ரொம்பக் கீழ இறக்கிரலாம். ராத்திரி நடுக்கம், உளறல்னா குளுக்கோமீட்டர்ல பாருங்க. 70-க்குக் கீழன்னா 15 கிராம் சீனி (மூணு டீஸ்பூன்) தண்ணியில கரைச்சுக் குடுத்து, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. விழுங்க முடியலைன்னா வாயில எதையும் ஊத்தாதீங்க. தெளிஞ்சுட்டாங்கன்னு அப்படியே படுக்க வைக்கிறதுதான் பெரிய தப்பு. அந்த மாத்திரையோட வேகம் மணிக்கணக்கா இருக்கும், விடியக்காலம் திரும்பவும் சுகர் இறங்கலாம். ஆஸ்பத்திரியில வச்சுப் பாக்கணும்.

மெடிக்கல் கடை அண்ணாச்சி:
பிள்ளைக்குப் போன்ல மருந்து கேக்கும்போது "5 மில்லி குடுங்க"ன்னு மட்டும் சொன்னா ஏத்துக்காதீங்க. பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரைதான். 12 கிலோவுக்கு 180-க்கு மேல போகக் கூடாது. சிரப்புல 5 மில்லிக்கு 125-ம் உண்டு, 250-ம் உண்டு. 125-ல 6 மில்லி குடுத்தா 150 மில்லிகிராம், 250-ல அதுக்கு 3 மில்லி போதும். கைக்குழந்தை டிராப்ஸ் 1 மில்லிக்கே 100 மில்லிகிராம். அதுல 5 மில்லி ஊத்துனா 500 உள்ள போயிரும். அட்டைப்பெட்டியில உள்ள அளவைப் படிச்சுக் காட்டிட்டு மில்லியைக் கேளுங்க. வீட்டு ஸ்பூன் வேண்டாம், சிரிஞ்சு வாங்கி வையுங்க. ரெண்டு வேளைக்கு நடுவுல ஆறு மணி நேரம் விடுங்க.

கல்லிடைக்குறிச்சி மருமகள்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி, அக்கா. ஊசி போட்டாத்தான் காய்ச்சல் இறங்கும்னு அத்தை சொல்லுதாங்க. வீட்டுக்கு வர்றவங்களைக் கூப்பிடலாமா?

பொதுமருத்துவர், பாளை:
குழந்தைக் காய்ச்சலுக்கு வீட்டில் ஊசி தேவையே இல்லை. ஊசி போட்டதும் சட்டென்று இறங்குகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. காய்ச்சல் மறையும், நோய் உள்ளே வளரும். டெங்குவாக இருந்தால் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் இரண்டும் ரத்தக்கசிவைக் கூட்டும்.

நீங்கள் பார்க்க வேண்டியது மூச்சை. அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். மூன்று வயதில் 40-ஐத் தொட்டாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, எட்டு மணி நேரம் சிறுநீர் போகவில்லை என்றாலோ உடனே ஆஸ்பத்திரி.

பெரியவர்களுக்கு யாராவது வீட்டில் ஊசி போட்டே ஆக வேண்டும் என்றால், பையில் அட்ரினலின் ஆம்பூல் (ஊசி மருந்துக் குப்பி) இருக்கிறதா என்று கேளுங்கள். கடுமையான ஒவ்வாமை வந்தால் பெரியவருக்குத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் அரை மில்லி உடனே போட வேண்டும். அது இல்லாமல் செஃப்ட்ரியாக்ஸோன் போன்ற ஆன்டிபயாடிக்கை நரம்பில் ஏற்றுவது ஆபத்து. போட்ட பிறகு அரை மணி நேரமாவது உடன் இருக்க வேண்டும்.

போன் ஆலோசனை மாத்திரைச் சந்தேகத்துக்கும் லேசான வாந்திக்கும் போதும். 2020 தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். அதைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் பார்க்கலாம். எங்கே போவது என்றே புரியவில்லை என்றால் 104 மருத்துவ உதவி எண்ணில் எந்நேரமும் கேட்கலாம்.

எங்கே பார்த்தாலும் சீட்டு இல்லாமல் வெளியே வராதீர்கள். வந்த நேரம், பிரஷர், நாடி, சுகர், போட்ட ஊசியின் பெயரும் அளவும், எது நடந்தால் திரும்ப வர வேண்டும் என்பது எல்லாம் அதில் வேண்டும். எழுதித் தர மறுத்தால் காலி ஆம்பூலை வாங்கிப் போட்டோ எடுத்து வையுங்கள். அதைப் பார்த்துத்தான் காலையில் வழக்கமான டாக்டர் அடுத்த மருந்தை எழுத முடியும்.