பெட்டியின் எடை

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு கொள்கை எப்போது நம்முடையதாகிறது என்ற கேள்விக்கு, இனிப்புக்கடைத் தராசு ஒன்றின் முன்னால் எனக்கு நேர்ந்ததையே பதிலாகச் சொல்ல முடியும்.

2006ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு மதுரையில் ஓர் இனிப்புக்கடையில் எடை போடும் வேலைக்குச் சேர்ந்தேன். அட்டைப்பெட்டியோடு சேர்த்தே எடை போட வேண்டும் என்பது முதலாளி சொல்லித் தந்த முதல் பாடம். ஊரில் பல கடைகளில் அதுவே வழக்கமாக இருந்ததால், அதில் தவறு இருப்பதாக எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

ஒரு மாலையில் வயதான அம்மா ஒருவர் கால் கிலோ லட்டு கேட்டார். சிறிய பெட்டியில் ஐந்து லட்டுகளை அடுக்கித் தராசில் வைத்தேன். சரியாக 250 காட்டியது. அவர் அந்த எண்ணைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, நான் கேட்டது லட்டு. பெட்டி வேண்டாம், இலையிலே கட்டிக் கொடுங்க" என்றார். பெட்டியை எடுத்துவிட்டு வைத்தபோது 215தான் வந்தது. இன்னொரு லட்டை வைக்க வேண்டியதாயிற்று. அவர் விரல் விட்டு எண்ணி, "வீட்டிலே ஆறு பேரு, இப்ப ஆளுக்கொண்ணு வரும்" என்று முந்தானையில் முடிந்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

அன்றிரவு படுத்துக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோப் பெட்டி 80 கிராம் இருக்கும். வாங்குபவர் இழப்பது ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு. கால் கிலோப் பெட்டி 35 கிராம். அதை வாங்குபவர் இழப்பது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. குறைவாக வாங்கக் கூடியவரிடமிருந்தே அதிகமாக எடுக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனால், உறைத்த மறுநாளே நான் மாறிவிட்டேன் என்று சொன்னால் அது பொய். வீட்டுக்குப் பணம் தேவைப்பட்டது. பண்டிகை முடியும்வரை அதே தராசில் அதே பெட்டிகளோடுதான் எடை போட்டுக்கொண்டிருந்தேன். தெரிந்த பிறகும் செய்த அந்தச் சில நாட்கள்தான் தெரியாமல் செய்தவற்றைக் காட்டிலும் என்னை வருத்துகின்றன. பெட்டியின் எடைக்குப் பணம் வாங்கக் கூடாது என்ற கொள்கை எனக்குள் வேரூன்றியதும் அந்த வருத்தத்தால்தான் என்று நினைக்கிறேன்.

2014இல் சாத்தூரில் சொந்தமாகச் சிறு கடை வைத்தபோது, பெட்டி எடையைக் கழித்தே விற்பது என்று முடிவு செய்தேன். பொருளின் நிகர எடைக்குத்தான் விலை வாங்க வேண்டும் என்று சட்டமுறை எடையளவுச் சட்டம் இருக்கிறது என்பதும், மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரையிட வேண்டும் என்பதும் உரிமம் தொடர்பாக அலைந்தபோதே எனக்குத் தெரியவந்தன. சட்டத்தைக் கடைப்பிடிப்பது கடினமாக இல்லை; விலைப்பலகைதான் கடினமாக இருந்தது. பக்கத்துக் கடையில் லட்டு கிலோ 300 ரூபாய், என்னிடம் 320. பெட்டி போக அங்கே கிடைப்பது 920 கிராம்தான் என்பதால், உண்மையில் ஒரு கிலோவுக்கு 326 ரூபாய் ஆகிறது. என் லட்டுதான் மலிவு. ஆனால், தெருவில் நின்று பலகையைப் பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு எப்படித் தெரியும்? முதல் இரண்டு தீபாவளிகளிலும் கூட்டம் அந்தக் கடைக்குப் போவதைக் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி மட்டும், "விலையைக் குறைக்க வேண்டாம், எடையைக் காட்டுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

2019இல் பண்டிகைக்கு முந்தைய நாள், புதிதாக வந்த பையன்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பெட்டியைக் கழிக்காமலே எடை போட்டுவிட்டார்கள். நான் அவர்களுக்குச் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை; பிழை என்னுடையது. முகம் தெரிந்தவர்களின் வீடுகளுக்கு மறுநாள் காலை நூறு நூறு கிராமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெளியூரிலிருந்து பேருந்தில் வந்து வாங்கிப் போனவர்கள் யாரென்று இன்றுவரை தெரியாது.

அதன்பின் தராசின் முகத்தை வாங்குபவர் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன். காலிப் பெட்டியை முதலில் வைத்து, அதன் எடையைத் தராசில் கழித்து, பூஜ்யம் வந்ததை அவர் பார்த்த பிறகுதான் முதல் லட்டை எடுக்க வேண்டும் என்பது எங்கள் கடையில் புதிதாகச் சேரும் பையனுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம்.